இடப்பக்கம் போகாத முள்

சாட்சிகள் மூவரும் கண்ணாடிப் பெட்டியின் மேல் வரிசையாகக் கிடந்தார்கள். துப்பறியும் ராஜமாணிக்கம் மூவரையுமே நம்பவில்லை.

முதலாவது தோலுறை போட்டுக்கொண்டு, பெரிய இடத்து மாப்பிள்ளை போல இருந்தது. இரண்டாவது உள்ளங்கையில் அடங்கிவிடும் ஜப்பான் சாமான். மூன்றாவதற்கு உறையும் இல்லை, ஊரும் தெரியவில்லை. ஒரு கறுப்புப் பெட்டி, அதற்குள் ஒரு முள், முகத்தில் ஒரு திருகு, சிவப்பில் ஒன்றும் கறுப்பில் ஒன்றுமாக இரண்டு ஒயர். மூன்றுக்கும் பெயர் மல்டிமீட்டர்தான். கரண்ட் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று முள்ளை அசைத்துச் சொல்வதுதான் வேலை.

"காருக்குன்னா இதை எடுத்துக்குங்க சார்" என்று தோலுறையை முன்னே தள்ளினார் கரீம் பாய். திருவள்ளூரில் மோட்டார் சாமான், ரேடியோ சாமான் இரண்டும் கிடைக்கும் கடை அவருடையது. "ஆயிரம் வோல்ட்டு வரைக்கும் பாக்கும்."

"கார்ல இருக்கிறது பன்னெண்டு வோல்ட்டு பாய்" என்றான் நாகமுத்து. "மிச்சத்தை இன்னா பண்றது? ஊட்டுக்கு எடுத்துக்கினு போய் கருவாட்டோட சேத்துக் காயவைக்கிறதா?"

நாகமுத்து பழவேற்காட்டுக்காரன். ஏரியில் வலைபோட வேண்டியவன், தண்ணீரில் இறங்கினால் தும்மல் வருகிறது என்று கரையேறி, ராஜமாணிக்கத்திடம் உதவியாளனாகச் சேர்ந்துவிட்டான். வாய் மட்டும் இன்னும் கடற்கரையிலேயே இருந்தது.

கடை வாசலில் தூக்குவாளியோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். செல்லியம்மாள். இந்த வழக்கே அவள் கொண்டு வந்ததுதான். அவள் கணவன் மாரியப்பன், கும்மிடிப்பூண்டியில் வார்ப்படத் தொழிற்சாலை வைத்திருக்கும் அருணாச்சலத்தின் கார் டிரைவர். இன்று காலை, முதலாளி பெரியபாளையத்து அம்மனுக்கு நேர்ந்துகொண்ட வெள்ளிக் கவசத்தை ஆஸ்டின் காரில் வைத்துக்கொண்டு தனியாகப் புறப்பட்டான். பெரியபாளையத்து எல்லையில் தேங்காய் உடைக்க நிறுத்தினான். பிறகு கார் கிளம்பவில்லை. ஹாரன் கூடச் சத்தம் போடவில்லை. கதவைப் பூட்டிவிட்டு மெக்கானிக்கைத் தேடி நடந்தான். மெக்கானிக்கோடு திரும்பி வந்தபோது பின்சீட்டில் கவசம் இல்லை. அதைவிட மோசம், மெக்கானிக் சாவியைத் திருப்பியதும் கார் முதல் இழுப்பிலேயே உறுமிக்கொண்டு கிளம்பியது.

சற்று நேரத்தில் முதலாளியும் வந்து சேர்ந்தார். செத்துப்போனதாகச் சொன்ன கார் உயிரோடு நின்றது. மாரியப்பன் பொய்யன் ஆனான். பொய்யன் என்றால் திருடன்தான். அம்மனுக்குப் பொங்கல் வைக்க அதே வழியாக நடந்து வந்த செல்லியம்மாள், கணவனைக் கையில் விலங்கோடு பார்த்தாள். பொங்கல் அரிசியைக் கூட இறக்கி வைக்காமல் திருவள்ளூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

"சாயங்காலம் கோர்ட்டுக்குக் கூட்டிக்கினு போயிடுவாங்க ஐயா" என்றாள் இப்போது. "அம்மா சொத்தைத் திருடினவன்னு பேரு வந்துட்டா நாங்க எந்த ஊர்ல போய்க் குடியிருக்கிறது?"

"அந்தக் கார் காலையில் நிஜமாகவே செத்ததா என்று காரிடமே கேட்போம் அம்மா. கேட்கத்தான் இந்தப் பெட்டி."

ஊரில் எலெக்ட்ரீஷியன்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அத்தனை பேருக்கும் அருணாச்சலத்தின் லாரிகள்தான் சோறு போட்டன. இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பார்த்தார் ராஜமாணிக்கம். ஒருவனுக்கு உடனே காய்ச்சல் வந்தது. மற்றவன் மாமியார் செத்துப்போனதாகச் சொன்னான்.

"அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆவல சார்" என்று நாகமுத்து நினைவூட்டியிருந்தான்.

ராஜமாணிக்கம் விசாரணையைத் தொடங்கினார். கடையில் புதிதாகப் பிரித்த டார்ச் செல் ஒன்றை வாங்கி மூன்று மீட்டரிலும் காட்டினார். மூன்றும் ஒன்றரை என்றன. பிறகு மூலையில் சார்ஜில் இருந்த கார் பேட்டரியைக் கேட்டார். பெரிய இடத்து மீட்டரின் முள் கொஞ்சம் நகர்ந்து நெருக்கமான கோடுகளுக்கு நடுவே போய் நின்றது. பத்து வோல்ட் வரை அளக்கும் கட்டத்துக்கு அடுத்து அதில் ஐம்பது வோல்ட் கட்டம்தான். அந்தக் கூட்டத்தில் பன்னிரண்டு எது, பதினொன்று எது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஜப்பான் முள் பாதி வழியில் நின்றுவிட்டது. பாய் விரலால் கண்ணாடியைத் தட்டினார். முள் திடுக்கிட்டு எழுந்து மேலே போயிற்று.

"தட்டினால்தான் உண்மையைச் சொல்லும் சாட்சி எனக்கு வேண்டாம்" என்று ராஜமாணிக்கம் அதை ஒதுக்கினார். "போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறோம். அங்கே அப்படிப்பட்டவர்கள் நிறைய இருப்பார்கள்."

மூன்றாவது கறுப்புப் பெட்டியில் பதினைந்து வோல்ட் வரை ஒரு கட்டம் இருந்தது. முள் நிதானமாக ஏறி, பன்னிரண்டரையில் நின்றது. தட்டினாலும் அசையவில்லை. ராஜமாணிக்கம் ஒயர்களை வளைத்து, முறுக்கி, இழுத்துப் பார்த்தார். முள் கலங்கவில்லை.

"குடுங்க சார், நானும் ஒரு கேள்வி கேக்கறேன்" என்று நாகமுத்து இரண்டு ஒயரையும் பிடுங்கி பேட்டரியில் வைத்தான். முள் படாரென்று இடப்பக்கம் உதைத்துச் சுவரில் முட்டியது.

"அட இன்னாப்பா பேஜாரு!" பாய் பாய்ந்து அவன் கையைத் தட்டிவிட்டார். "மாத்தி வச்சா முள்ளு வளைஞ்சிடும்! செவப்பு பிளஸ்ஸுக்கு, கறுப்பு மைனஸுக்கு. பெரிய மீட்டர்ல மாத்திக்கிறதுக்கு ஸ்விட்ச் இருக்குது. இது ஏழை மீட்டரு, தப்பாப் புடிச்சா உதைக்கும்."

"உதைக்கட்டும்" என்றார் ராஜமாணிக்கம். "நாங்கள் பார்க்கப் போவது பழைய ஆஸ்டின், பாய்."

"பழைய சீமை வண்டியா? அப்பக் கவனமாப் பாருங்க. ஃபியட்டுல மைனஸைத்தான் வண்டியோட பாடியில கட்டுவாங்க. ஆஸ்டின்ல தலைகீழு, பிளஸ்ஸைப் பாடியில கட்டியிருப்பாங்க. மறந்துபோய் கறுப்பு ஒயரைப் பாடியில வச்சீங்கன்னா இப்ப உதைச்ச மாதிரியே உதைக்கும்."

செல்லியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனாள். ராஜமாணிக்கம் கையை உயர்த்தித் தடுத்தார். "மீட்டர் என்னுடையதாகவே இருக்கட்டும் அம்மா. நம்பகமான ஆள் கிடைப்பது அபூர்வம்."

பெரியபாளையம் போகும் பஸ் வேப்பிலையும் மஞ்சள் துணியுமாக நிறைந்திருந்தது. ஆடி மாதம். வெளியே நாற்றங்கால்களின் பச்சைக்கு மேல் வெயில் ஒரு மெல்லிய கண்ணாடி போல ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் பனைகள், ரகசியம் பேசிவிட்டு ஆள் வந்ததும் விலகிக்கொண்டவர்களைப் போலத் தள்ளித் தள்ளி நின்றன. ராஜமாணிக்கத்துக்கு அந்தப் பனைகளின் மேலும் சந்தேகம் வந்தது.

"எனக்கு அந்த மெக்கானிக் மேலதான் சார் டவுட்டு" என்று காதருகே சொன்னான் நாகமுத்து. "இல்லன்னா தேங்கா வித்தவன் மேல. இல்லன்னா பாய் மேல."

"பாய் என்ன செய்தார்?"

"ஒண்ணும் செய்யல. அதான் டவுட்டு."

ஸ்டேஷன் சாலையோரமாகவே இருந்தது. பின்புறம் புளியமரத்தடியில் ஆஸ்டின் நின்றது. ஏட்டு ரங்கசாமி, ராஜமாணிக்கத்துக்குப் பழக்கமானவர்.

"பாக்கிறதுன்னா சீக்கிரம் பாருங்க சார். ஜீப் வந்ததும் ஆளை ஏத்திடுவோம். கேஸு சுத்தம். எல்லையிலேந்து நான்தான் வண்டியை ஓட்டியாந்தேன், ராஜா மாதிரி ஸ்டார்ட் ஆச்சு. ஆனா..." ஏட்டு மூக்கைச் சொறிந்தார். "முன்னாடி ஒரு செவப்பு லைட்டு, வழி பூரா அணையவே இல்ல. ஏதோ கருகின வாசனையும் வந்துச்சு. பழைய வண்டி, அதுக்கு இன்னா பண்றது?"

"இங்கே வந்தபிறகு யாராவது கை வைத்தார்களா?"

"சாவி என் பாக்கெட்டுல. என்னை மீறி எவன் வைப்பான்?"

பானெட்டைத் திறந்தார்கள். ராஜமாணிக்கம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த அந்த ஒரு நொடியில், நாகமுத்து கறுப்பு ஒயரைக் காரின் பாடியிலும் சிவப்பை பேட்டரியில் பாடியோடு சேராத மற்ற முனையிலும் வைத்துவிட்டான்.

"டேய், மாற்றிப் பிடி! முள் உதைக்கும்!"

முள் உதைக்கவில்லை. நல்ல பிள்ளையாக வலப்பக்கம் ஏறி, பன்னிரண்டுக்கு மேல் போய் நின்றது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சொன்னேன்ல சார்" என்றான் நாகமுத்து மெதுவாக. "பாய் மேல எனக்கு அப்பவே டவுட்டு. ஓட்டை மீட்டரைத் தலையில கட்டிட்டாரு."

ராஜமாணிக்கம் பையிலிருந்து டார்ச் செல்லை எடுத்து மீட்டரில் காட்டினார். நேராகப் பிடித்தபோது ஒன்றரை. மாற்றிப் பிடித்தபோது இடப்பக்கம் உதைத்தது. சாட்சி மாறவில்லை.

"மீட்டர் பொய் சொல்லவில்லை நாகமுத்து. பாயும் பொய் சொல்லவில்லை. இந்தக் கார்தான் தன்னுடைய வழக்கத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது."

குனிந்து பேட்டரியின் முளைகளைப் பார்த்தார். எந்த பேட்டரியிலும் பிளஸ் முளை கொஞ்சம் பருமன், மைனஸ் முளை கொஞ்சம் ஒல்லி. அதற்குத் தகுந்தாற்போலத்தான் மாட்டும் பிடிகளும் இருக்கும். இங்கே பாடியிலிருந்து வந்த பெரிய பிடி ஒல்லி முளையில் தொளதொளவென்று கிடந்தது. நழுவாமலிருக்க அதன் உள்ளே சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை மடித்துத் திணித்திருந்தார்கள். இன்னொரு சிறிய பிடி, பருமனான முளையில் நுழையாமல், திருப்புளியால் நெம்பி விரிக்கப்பட்டிருந்தது. நெம்பிய இடத்தில் ஈயம் புதிதாகப் பளபளத்தது.

"வேறொரு பேட்டரியைக் கொண்டு வந்து தலைகீழாக மாட்டியிருக்கிறான்" என்றார். "தலைகீழாக மாட்டினாலும் இன்ஜின் சுற்றும், அதனால்தான் மெக்கானிக் கிளப்பியதும் கிளம்பியது. ஆனால் சார்ஜ் ஏறாது. சிவப்பு விளக்கு, கருகல் வாசனை எல்லாம் அதனால்தான்."

நாகமுத்து விசில் அடிக்கப் போய், ஏட்டைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். "அப்ப காலையில வண்டி நெசமாவே செத்துச்சா?"

"செத்தது. மாரியப்பன் அந்தப் பக்கம் போனதும் ஒருவன் இன்னொரு சாவியோடு வந்து, ரிப்பேர் பார்ப்பவனைப் போல பானெட்டைத் திறந்து, கவசத்தை எடுத்துக்கொண்டு காருக்கு உயிரும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். மாரியப்பனைப் பொய்யனாக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது."

லாக்கப் கம்பிக்குப் பின்னால் மாரியப்பன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கழுத்தில் அம்மனுக்கு வேண்டிப் போட்ட மாலை. செல்லியம்மாள் தூக்குவாளியைக் கம்பியருகே வைத்தாள். அவன் அதைப் பார்க்கவில்லை.

"மாரியப்பா, எல்லையில் இன்ஜினை ஏன் நிறுத்தினாய்?" என்று கேட்டார் ராஜமாணிக்கம்.

"அது முதலாளி ஊட்டு வழக்கம் சார். எல்லையில தேங்கா ஒடைக்கிறப்ப இன்ஜினை நிறுத்திடணும். அம்மா எதிர்ல உறுமிக்கினு நிக்கக்கூடாதுன்னுவாரு."

"காலையில் முதலாளி வீட்டில் நீயா ஸ்டார்ட் செய்தாய்?"

அவன் முதல் முறையாகத் திரும்பினான். "இல்ல சார். நான் போவசொல்லவே வண்டி ஸ்டார்ட்டாயி நின்னுக்கினு இருந்துச்சி. சின்னவரு பச்சையப்பன்தான், 'நல்ல நேரம் போவுது, நானே எடுத்து வச்சிட்டேன், ஏறு'ன்னாரு. எல்லையில நின்னுபோனதும் ஹேண்டில் போட்டு இன்ஜினைக் கையாலயே சுத்திக் கெளப்பலாம்னு டிக்கியைத் தொறந்தா, ஹேண்டிலும் இல்ல."

பச்சையப்பன் என்பவன் அருணாச்சலத்தின் மச்சான், அதாவது மனைவியின் தம்பி.

"முதலாளி எங்கே இருந்தார்?"

"மெட்ராசுலேந்து பஸ்ஸுல வந்து ஜனப்பன்சத்திரம் கூட்டுரோட்டுல எறங்கினாரு. சின்னவரு தன் ஃபியட்டுல போய் அழைச்சாந்தாரு."

ஃபியட் என்ற சொல்லைக் கேட்டதும் நாகமுத்து ராஜமாணிக்கத்தின் முதுகில் விரலால் குத்தினான். அதே சமயம் வாசலில் ஒரு கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அதுவும் ஃபியட்தான்.

பின்சீட்டிலிருந்து அருணாச்சலம் இறங்கினார். நெற்றி நிறைய குங்குமம். கண்கள் அழுது வீங்கியிருந்தன. டிரைவர் இடத்திலிருந்து பச்சையப்பன் இறங்கிக் கதவைச் சாத்தினான். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"இன்னும் அவனை அனுப்பலையா?" என்று ஏட்டிடம் கத்தினார் அருணாச்சலம். "ஆறு வருஷம் என் ஊட்டு சோறு தின்னவன்! கோயில்ல போய் நான் எந்த மூஞ்சியை வச்சிக்கினு நிப்பேன்? காலையிலேந்து இவனும் நானும் நாஷ்டா கூடத் தின்னாம கோயிலுக்கும் ஸ்டேஷனுக்கும் அலைஞ்சிக்கினு இருக்கறோம்."

"வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள், பேசுவது காதில் விழவில்லை" என்றார் ராஜமாணிக்கம்.

"உடனே கெளம்பணும்" என்றான் பச்சையப்பன்.

"பெட்ரோல் விக்கிற வெலையில நம்மூர்ல கல்யாண ஊர்வலமே நடந்து போவுது" என்றான் நாகமுத்து. "அண்ணன் மட்டும் இன்ஜினுக்குத் தாலாட்டு பாடிக்கினு நிக்கிறாரு."

ராஜமாணிக்கம் அருணாச்சலத்தை ஆஸ்டினிடம் அழைத்துப் போய் முளைகளைக் காட்டினார், முள்ளைக் காட்டினார். அருணாச்சலம் நெற்றியைச் சுருக்கினார். "அப்ப மாரியப்பன்தான் பேட்டரியை மாத்தினான்."

"ஆறு வருஷமாக இந்தக் காருக்கு பேட்டரி மாட்டிய கை அது. பெரிய பிடி எங்கே போகும் என்று அதற்குத் தூக்கத்திலும் தெரியும். இதை மாட்டியது மைனஸைப் பாடியில் கட்டியே பழகிய கை. காலையில் செத்த பேட்டரியோடு ஹேண்டிலால் இன்ஜினைக் கிளப்பி, ஹேண்டிலை ஒளித்துவிட்டு மாரியப்பனை அனுப்பியதும் அதே கைதான். சரி, அது போகட்டும். இந்தக் காரின் செத்த பேட்டரி எங்கே? தேங்காய் மூடியா, காலால் தள்ளிவிட்டுப் போக? புதிதாக ஒன்று வாங்கினால் ஊர் பூராத் தெரியும். தன் காரிலிருந்ததை இதில் மாட்டி, இதிலிருந்ததைத் தன் காரில் போட்டுக்கொண்டால்தான் வெளியே தெரியாது. ஒரே ஒரு கஷ்டம். அதன்பிறகு அவன் இன்ஜினை நிறுத்தவே முடியாது."

ஃபியட்டின் சத்தம் நின்றது. நாகமுத்து ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பியிருந்தான்.

"டேய்!" என்று பாய்ந்தான் பச்சையப்பன்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுண்ணே. பண்ணிட்டீன்னா உங்கால்ல விழறேன்."

பச்சையப்பன் உட்கார்ந்து ஸ்டார்ட்டரை இழுத்தான். டிக் என்று ஒரு சத்தம். மறுபடி டிக். மீட்டரை அதன் பேட்டரியில் வைத்தார்கள். முள் ஏறப் பார்த்து, எட்டைக் கூடத் தொடாமல் களைத்து நின்றது.

பச்சையப்பன் இறங்கினான். முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டான். "என் பேட்டரி பழசு. அது ஒரு குத்தமா? வெள்ளி எங்கய்யா? தேடிக்குங்க!" தானே டிக்கியைத் திறந்துவிட்டான். உள்ளே ஸ்டெப்னி ஒன்றும் பழைய கோணி ஒன்றும் கிடந்தன. முன்சீட்டின் அடியிலும் பார்த்துவிட்டார் ஏட்டு. ஒன்றுமில்லை. சாலையில் ஜீப்பின் ஹாரன் கேட்டது. செல்லியம்மாள் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பழைய பேட்டரியை வச்சி ஆளைப் புடிப்பீங்களா?" என்றான் பச்சையப்பன். "மாமா, வாங்க, ஜீப் வந்துடுச்சு."

ராஜமாணிக்கம் அவனைக் கவனிக்கவே இல்லை. அருணாச்சலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூட்டுரோட்டில் ஏறியதிலிருந்து நீங்கள் இவரைவிட்டுப் பிரிந்தீர்களா?"

"இல்லியே. ஒண்ணாத்தான் அலையறோம்."

"எப்போதும் பின்சீட்டில்தான் உட்காருவீர்களா?"

"முன்னாடிதான் உக்காருவேன். முன்சீட்டு ஸ்பிரிங் போயிடுச்சு, பின்னாடி உக்காருங்க மாமான்னான்."

"பின்சீட்டு வசதியாக இருந்ததா?"

"எங்க சார்... மேடும் பள்ளமுமா, ஏதோ கீழேந்து குத்திக்கினே..."

அருணாச்சலம் பாதியில் நிறுத்தினார். அவர் முகம் வெளிறுவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. கை தானாகப் பின்னால் போய் வேட்டியைத் தொட்டது. தொட்டதும் நெருப்பைத் தொட்டதுபோல விலகியது.

ஏட்டு பின்சீட்டைத் தூக்கினார். துண்டில் சுற்றி ஒரு மூட்டை. துண்டை விலக்கியதும் அம்மனின் முகம் வெயிலில் வெள்ளையாகத் திறந்தது. மூக்குத்தி இருக்கும் இடத்தில் லேசாக ஒரு நசுங்கல்.

"அம்மா மேலயாடா என்னை உக்காரவச்ச!" என்று அலறினார் அருணாச்சலம். அப்படியே புழுதியில் விழுந்து இரண்டு கன்னத்திலும் மாறி மாறி அறைந்துகொண்டார். "காலையிலேந்து... அம்மா மேலயா..."

"வேற எடம் கெடைக்கல" என்றான் பச்சையப்பன். குரலில் பயத்தைவிடச் சலிப்புதான் அதிகம் இருந்தது. "செலைக்கின்னா கிலோ கிலோவா வெள்ளி. நான் கடை வைக்கக் கேட்டா மட்டும் உங்க கையி வரல. என்னை ஒரு நிமிஷம் கூடத் தனியா உடாம கூடவே உக்காந்துக்கினீங்க." யாரும் கேட்காமலே அவன் ஏட்டிடம் மணிக்கட்டை நீட்டினான்.

மாரியப்பன் வெளியே வந்தான். வெயில் கண்ணில் பட்டதும் தலையைக் குனிந்துகொண்டான். அருணாச்சலம் எழுந்து அவன் கையைப் பிடித்தார். "மாரியப்பா, மனசுல வச்சிக்காதே. ஊட்டுக்குப் போய்ப் படு. நாளைக்கு வேலைக்கு வந்துடு."

"இருங்க" என்றாள் செல்லியம்மாள். சத்தமாகச் சொல்லவில்லை. "எல்லையில, அத்தனை ஜனம் எதிர்ல, எம்புருஷனைத் திருடன்னு சொன்னீங்க. இங்க மூணு பேரு எதிர்ல வேலைக்கு வான்னு சொன்னா ஆச்சா? சொன்ன எடத்துலயே வந்து இல்லன்னு சொல்லுங்க. வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம்."

"செல்லி, உடு" என்றான் மாரியப்பன், தரையைப் பார்த்துக்கொண்டே.

"நீ சும்மாரு."

அருணாச்சலம் ஆஸ்டினைப் பார்த்தார், ஃபியட்டைப் பார்த்தார். ஒன்று கருகிப்போனது, ஒன்று செத்துப்போனது.

"நடந்தே போலாம் முதலாளி" என்றான் நாகமுத்து. "ஆடி மாசம், எல்லாரும் நடந்துக்கினுதான் இருக்கறாங்க."

அவர் செருப்பைக் கழற்றி ஸ்டேஷன் வாசலில் விட்டார்.

எல்லையில் கூட்டம் காலையைவிட அதிகமாக இருந்தது. தேங்காய்க் கடைகள், வேப்பிலை விற்பவர்கள், எதிரே ஒரு டீக்கடை, அதில் அலறிக்கொண்டிருந்த ரேடியோ. அருணாச்சலம் வேப்பமரத்தடியில் நின்று தொண்டையைச் செருமினார். "மாரியப்பன் திருடல" என்றார். அருகில் இருந்த இரண்டு பேர் மட்டும் திரும்பினார்கள்.

"கேக்கல" என்றாள் செல்லியம்மாள்.

அவர் மறுபடி சொன்னார். தேங்காய்க்காரி கையிலிருந்த தேங்காயை உடைக்காமல் நிறுத்தினாள்.

"அங்க கேக்கல." செல்லியம்மாள் டீக்கடையைக் காட்டினாள்.

"மாரியப்பன் திருடல! நான்தான் தப்பா சொன்னேன்! என் ஊட்டு ஆளுதான் திருடன்!"

டீக்கடைக்காரர் எழுந்து ரேடியோவை அணைத்தார். அந்த அமைதியில், கூட்டம் முழுவதும் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்க, மாரியப்பன் தலையை நிமிர்த்தினான்.